சமூக ஊடக மருத்துவச் செய்திகளும் மக்கள் நம்பிக்கையும்

வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் போன்றவற்றின் வழியாக நோய், மருந்து, தடுப்பூசி, உணவு ஆகியவை பற்றிப் பரவும் செய்திகள் சமூக ஊடக மருத்துவச் செய்திகள் எனப்படுகின்றன. தமிழகத்தில் 2017 முதல் இவை அரசின் பொதுச் சுகாதாரத் திட்டங்களைத் தடுமாறச் செய்யும் அளவுக்கு வலுப்பெற்றன. ஆயினும் மருத்துவச் செய்தியை யார் சொன்னால் நம்புவது என்னும் கேள்வி பழையது. தஞ்சை, கும்பகோணம், சுவாமிமலை உள்ளிட்ட காவிரிப் படுகையில் அக்கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

பின்னணி

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கு கையாளப்பட்ட முறைகள் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அவற்றைப் பின்னர் நூல்களாக வெளியிட்டது. மருத்துவ அறிவு அன்று வைத்தியரிடமும் சுவடியிலும் இருந்தது. நோயாளி வைத்தியரை நேரில் அறிந்திருந்தார்.

பெரியம்மை அம்மனின் வருகையாகக் கருதப்பட்டது. துளஜா மன்னரின் மகள் அம்மையால் பார்வை இழந்து, தஞ்சையை அடுத்த புன்னைநல்லூர் மாரியம்மன் அருளால் மீண்டும் பெற்றாள் என்பது அக்கோயிலின் மரபுக்கதை. 1802-ல் பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தபோது மக்கள் தயங்கினர். அன்னியர் கையால் உடலில் ஏற்றப்படும் பொருள் என்பது ஒரு காரணம். சென்னையில் பணியாற்றிய தமிழறிஞர் எல்லிஸ், தடுப்பூசியைப் பசுவின் கொடையாகக் காட்டும் படைப்பு ஒன்றை எழுதினார். மக்கள் ஏற்கெனவே நம்பிய மொழியில் புதிய மருத்துவத்தைச் சொல்லும் முயற்சி அது.

வானொலி

திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கப்பட்டது. 1960களில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் மூலம் தஞ்சை விவசாயிகளிடையே பரவியது. அந்நெல் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கப்பட்டது. முகம் தெரியாத ஒரு குரலைப் படுகை மக்கள் நம்பியதற்கு இது சான்று. ஆனால் அக்குரல் சொன்னது சரியா என்பதை ஒரே குறுவைப் பருவத்தில் பக்கத்து வயலில் பார்த்துவிட முடிந்தது.

தடுப்பூசிக்கு அந்த வசதி இல்லை. அது வெற்றி பெற்றால் எதுவும் நிகழ்வதில்லை. வராமல் போன நோயை எவரும் கண்ணால் காண்பதில்லை. ஊசி போட்ட மறுநாள் குழந்தைக்கு வரும் காய்ச்சலையோ எல்லோரும் காண்கின்றனர். பிற்கால வதந்திகள் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தன.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி (2017)

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான அனைவருக்கும் ஊசி போடுவது திட்டம். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் சிசுவுக்குக் கண், காது, இதயக் குறைபாடுகள் ஏற்படலாம் என்பதால் அது சேர்க்கப்பட்டது.

ஊசி ஆபத்தானது, பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டு நிறுவனங்களின் சோதனை இது என்ற செய்திகளும் குரல்பதிவுகளும் வாட்ஸ்அப்பில் பரவின. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கூற்றும் வந்தது. அதன் வேர் 1998-ல் லான்செட் இதழில் வெளியாகி 2010-ல் அவ்விதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை. பெற்றோர் பலர் பள்ளிகளில் ஒப்புதல் தர மறுத்தனர். இயக்கம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

ஊசியை மறுத்தவர்களில் படித்தவர்களும் இருந்தனர். அதே பெற்றோர் போலியோ சொட்டு மருந்துக்குப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள். ஆகவே இதை அறியாமை என்று மட்டும் சொல்ல முடியாது. புதிய ஊசி ஏன் என்பதற்கு அரசின் விளக்கம் வீட்டுக்கு வந்து சேருமுன் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது.

நிலவேம்பும் வீட்டுப் பிரசவமும்

2017 அக்டோபரில் டெங்குப் பரவலின்போது நிலவேம்புக் குடிநீர் பற்றிய விவாதம் எழுந்தது. ஒன்பது சரக்குகள் கொண்ட இந்தச் சித்த மருந்தை அரசே வழங்கிவந்தது. அது மலட்டுத்தன்மை தரும் என்ற செய்தி பரவியது. ஆய்வு முடியும்வரை தம் இயக்கத்தினர் அதை வினியோகிக்க வேண்டாம் என நடிகர் கமல்ஹாசன் ட்விட்டரில் எழுதினார். அரசும் சித்த மருத்துவர்களும் மறுத்தனர். ஊசிக்கும் கஷாயத்துக்கும் எதிராக ஒரே ஆண்டில் ஒரே அச்சம் கிளப்பப்பட்டது. வதந்தி எந்த மருத்துவ முறையின் பக்கமும் நிற்கவில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டில் நடத்தப்பட்ட பிரசவத்தில் ஒரு பெண் குருதிப்போக்கால் இறந்தார். அடுத்த மாதம் வீட்டுப் பிரசவப் பயிற்சி முகாமுக்கு விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைது செய்யப்பட்டார். 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைப் பிரசவங்கள் நிகழும் மாநிலத்தில் இது நடந்தது.

கொரோனா காலம்

2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயோடு தவறான தகவல் பெருக்கையும் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது என்றார். அந்த ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பிறரும் போட்டுக்கொள்ள வேண்டினார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு 17 அன்று காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அரசு உடனே அறிவித்தது. மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னர் அதையே சொன்னது. எனினும் அச்சம் பரவியது. இரண்டாம் அலையின் சாவுகள் மக்கள் மனத்தை மாற்றின. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த சிறப்பு முகாம்களில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர்.

நம்பிக்கையின் காரணங்கள்

அச்செய்திகள் நம்பப்பட்டதற்குச் சில காரணங்களைச் சுட்டலாம். செய்தியை எழுதியவர் தெரியாவிட்டாலும் அனுப்பியவர் அத்தையோ, மாமாவோ, பள்ளித் தோழரோ ஆவார். உறவின் மீதான நம்பிக்கை செய்தியின் மீது ஏறிவிடுகிறது. தனியார் மருத்துவச் செலவும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் மருத்துவச் சந்திப்பும் இன்னொரு காரணம். கைமருத்துவத்தின் மீதான நியாயமான பற்றும் இதற்குப் பயன்படுத்தப்பட்டது.

சுவாமிமலைத் தலபுராணத்தில் மகன் தந்தைக்குப் பிரணவப் பொருள் உரைக்கிறான். ஆகவே அங்குள்ள முருகனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். இன்று பல வீடுகளில் கைபேசிச் செய்தி மெய்யா பொய்யா என்று பெற்றோருக்குச் சொல்வது பிள்ளைகள்தான்.

மதிப்பீடு

1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் பொய்யான மருத்துவ விளம்பரங்களைத் தடுக்கிறது. தமிழக அரசு 2023-ல் உண்மை சரிபார்ப்புக் குழுவையும் அமைத்தது. இவை தேவையானவை. ஆனால் மறுப்புச் செய்தி எப்போதும் வதந்திக்குப் பின்னரே வருகிறது. முன்கூட்டியே வீட்டுக்கு வருபவர் கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீட்டு வாசலுக்கே செல்கிறது. அவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கலாம். மறுவாரம் மீண்டும் கேட்கலாம். கைபேசியில் வந்த செய்தியிடம் அது இயலாது.