படுத்துக்கொண்டே எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தவர்: பிலாட்டீஸின் கதை

பிலாட்டீஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரங்கள் செய்யும் ஏதோ ஓர் உடற்பயிற்சி. யோகா மாதிரி ஒன்று, கொஞ்சம் செலவு அதிகம், அவ்வளவுதான். ஆனால் பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு போர்க்கால முகாம் இருக்கிறது, அடிபட்ட நடனக் கலைஞர்கள் இருக்கிறார்கள், ஒரு கோர்ட் வழக்கும் இருக்கிறது! கணுக்கால் சுளுக்கியவர்களும் முதுகுவலிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயமும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. இந்தப் பதிவில் அதைப் பார்க்கலாம்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் மொன்ஷென்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதில் ஆஸ்துமா, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் என்று நோஞ்சான் பிள்ளையாக இருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எல்லாம் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டார். முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் பிழைப்புக்காக இங்கிலாந்து போனார். போர் தொடங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்பதால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர். பிறகு ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாம்.

நாக்கலோவில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். வருடக்கணக்கில் வேலை இல்லை, போக இடம் இல்லை. இப்படி அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு வந்த எரிச்சல், தூக்கமின்மை, மறதி எல்லாவற்றையும் சேர்த்து விஷர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 'முள்வேலி நோய்' என்றே பெயர் வைத்தார். அசையாமல் கிடப்பது மனிதனை என்ன செய்யும் என்பதைப் பார்க்க இதைவிடப் பெரிய இடம் வேண்டாம்.

இங்கேதான் அந்தப் பிரபலமான கதை வருகிறது. எழ முடியாத நோயாளிகளின் கட்டில்களில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை கால்களை அசைக்க வைத்தாராம். அவரிடம் பயிற்சி எடுத்த ஒருவர்கூட 1918 இன்ஃப்ளூயன்சாவில் சாகவில்லையாம். முதல் பகுதி அவருடைய பிற்காலக் கருவிகளோடு பொருந்திப் போகிறது. இரண்டாவது பகுதியை நம்ப வேண்டியதில்லை. உலகம் முழுக்க கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற வைரஸை உடற்பயிற்சி தடுத்து நிறுத்தாது. இவரைப் பற்றிப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை எப்போதும் தேவை. நல்ல யோசனையும் மிகைப்படுத்தலும் கைகோத்தே வரும்.

1926-ல் நியூயார்க் போய் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் திறந்தார். துணைவி கிளாராவும் கூடவே கற்றுக்கொடுத்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கான்ட்ராலஜி', அதாவது உடலைக் கட்டுப்பாட்டோடு இயக்கும் கலை. அக்கம்பக்கத்து நடனக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஜார்ஜ் பாலன்சின் போன்ற பாலே மேதையே தன் மாணவர்களை அங்கே அனுப்பினார். அப்படிக் கணுக்கால் அடியோடு வந்தவர்தான் ரொமானா கிரிஷனோவ்ஸ்கா. பின்னாளில் அந்த முறையின் முக்கியமான ஆசிரியை ஆனவர் அவர்.

நடனக்காரர்கள் ஏன் அங்கே போனார்கள்? அவருடைய 'ரிஃபார்மர்' கருவியைப் பார்த்தால் புரியும். கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதில் நகரும் ஒரு பலகை, பலகையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். பலகையில் மல்லாந்து படுத்து, பாதத்தால் கம்பியை உந்தித் தள்ள வேண்டும். நின்றுகொண்டு குதிகாலைத் தூக்கும் அதே அசைவுதான். ஆனால் உடம்பின் முழு எடையும் கணுக்காலில் இறங்காது. எத்தனை ஸ்பிரிங் மாட்டுகிறோமோ அவ்வளவு சுமைதான். காயம் ஆற ஆறச் சுமையைக் கூட்டிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஸ்பிரிங் வெடுக்கென்று இழுக்கப் பார்க்கும். அதை விடாமல் மெதுவாக வரவேண்டும். படியில் இறங்கும்போதும், குனிந்து தண்ணீர்க் குடத்தை வைக்கும்போதும் தசைகள் செய்வது இதே வேலைதான்.

இப்போது அந்தக் காலத்து மருத்துவத்தைப் பாருங்கள். முதுகுவலி என்று போனால் கிடைக்கும் அறிவுரை, "படுத்து ஓய்வெடுங்கள்". இது பல பத்தாண்டுகள் நீடித்தது. 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலிக்காரர்கள் 203 பேரில் பாதிப் பேருக்கு 2 நாள் ஓய்வும், மீதிப் பேருக்கு 7 நாள் ஓய்வும் சொன்னார்கள். வலி குறைந்ததில் வித்தியாசம் இல்லை. 2 நாள் கூட்டம் சீக்கிரம் வேலைக்குத் திரும்பியது. இன்று சாதாரண முதுகுவலிக்கு, முடிந்தவரை நடமாடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். பிலாட்டீஸ் 1967-லேயே இறந்துவிட்டார். மருத்துவ உலகம் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. முதுகெலும்பு குழந்தைக்கு இருப்பதுபோல நேராக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். முதுகெலும்பின் இயல்பான வளைவு தேவை என்பதுதான் இன்றைய பிசியோதெரபியின் நிலை. 1945-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் 34 தரைப் பயிற்சிகள் இருக்கின்றன. அதில் பல, முதுகை நன்றாகச் சுருட்டி எழுபவை. எலும்புத் தேய்மானம் உள்ள பாட்டிமார் அதைச் செய்தால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு.

சரி, ஆதாரம் என்ன சொல்கிறது? நாள்பட்ட முதுகுவலி பற்றிய 10 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை தந்தது. சும்மா இருப்பதைவிட பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட அது உசத்தி என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. விலை உயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

கடைசியாக அந்த வழக்கு. பிலாட்டீஸ் என்ற பெயர் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று ஒரு தரப்பு உரிமை கொண்டாடியது. யோகா, கராத்தே போல அதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர்தான் என்று 2000-ம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அதன் விளைவு என்ன? யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் பலகை மாட்டலாம். சும்மா உடம்பை வளைக்கப் போகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்தவரும், காலோ இடுப்போ மரத்துப்போகிற அளவு வலி உள்ளவரும் அந்தப் பலகையை நம்பி மட்டும் உள்ளே போகக்கூடாது. முதலில் டாக்டர், பிறகு பிசியோதெரபிஸ்ட், அதற்குப் பிறகுதான் பயிற்சிக்கூடம்.

கருவியும் பெயரும் போனாலும் அந்த மனிதரிடமிருந்து நமக்கு மிஞ்சுவது ஒன்று உண்டு. அடிபட்ட உடம்புக்கு, 'அசையாதே', 'பழையபடி ஓடு' என்ற இரண்டுக்கும் நடுவில் நிறையப் படிகள் இருக்கின்றன. தாங்கக்கூடிய சுமை, மெதுவான அசைவு, ஒழுங்கான மூச்சு. இதற்குக் கொஞ்சம் பொறுமையும் ஒரு பாயும் இருந்தால் போதும்.