மஃப்கூத்: காணாமற்போனவரும் மாற்றத்தக்க தீர்ப்பும்

2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என். 32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. தேடியும் எதுவும் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பத்தாருக்கு அறிவிக்கப்பட்டது. சிதைவுகள் கண்டறியப்பட்ட செய்தியோ 2024 ஜனவரியில்தான் வந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படமெடுத்திருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த 29 பேரும் எந்நிலையினர்? இத்தகையோரை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’ என்கின்றன. உயிரோடிருந்தது உறுதி, இறந்தது ஐயம். ஐயத்தால் உறுதி நீங்காது. ஆதலால், மாற்றுச் சான்று வரும்வரை முன்னைய நிலையே நீடிப்பதாகக் கொள்ள வேண்டும். இதுவே ‘இஸ்திஸ்ஹாப்’. ஆயினும் ஹன்பலீ அறிஞர்கள், வாணிபத்திற்குச் சென்று திரும்பாதவரையும் கப்பல் உடைந்து காணாமற்போனவரையும் ஒரே தட்டில் நிறுத்தவில்லை. பின்னவர் விஷயத்தில் அழிவே மிகுதியும் எதிர்பார்க்கத்தக்கது என்று வேறு விதி வகுத்தனர்.

செயற்கை நுண்ணறிவுத் துறையினர் இவ்வாசலுக்கு வேறு வழியாக வந்தனர். பழைய தருக்கத்தில் ஒருமுறை நிறுவிய முடிவு, எத்தனை புதுச் செய்தி சேர்ந்தாலும் விழாது. பறவை என்றால் பறக்கும் என்று கொண்ட இயந்திரத்திற்கு, அது பென்குயின் என்று பின்னர் சொன்னால் என் செய்யும்? 1980இல் ரேமண்ட் ரைட்டரும் ஜான் மெக்கார்த்தியும் ஒரே ஆய்விதழில் இதற்கு விடை தேடினர். முரணான செய்தி இல்லாதவரை ஒன்றைக் கொள்ளலாம் என்பது ரைட்டரின் விதி. இரண்டும் ஒன்றே என்று பெருமை பேச நாம் முற்படவில்லை. ரைட்டர் கேட்டது, எது முடிவாகும் என்பது. ஃபுகஹாக்கள் கேட்டதோ, அம்முடிவு எவருக்கு எதிராகச் செல்லும் என்பது. ஹனஃபீகளிடம் இஸ்திஸ்ஹாப் கேடயம் மட்டுமே: காணாமற்போனவரின் சொத்தைப் பங்கிடாமல் அது காக்கும், பிறர் சொத்தில் அவருக்குப் புதிய உரிமையைத் தராது.

ஆனால் அதே கேடயம் மனைவிக்குச் சிறையாயிற்று. கணவனின் சம வயதினர் மறையும்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்றனர் ஹனஃபீகள். இக்கொடுமையைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்), 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’வில் மாலிகீ மத்ஹபின் நான்காண்டு விதியை ஏற்றார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் நான்காண்டையே எழுதிற்று. அதிலும் தீர்ப்பு உடனே செயற்படாது. ஆறு மாதத்திற்குள் கணவன் தோன்றி, இல்லறக் கடமைகளை ஆற்ற ஆயத்தமாயிருப்பதை நிறுவினால், நீதிமன்றம் தன் தீர்ப்பையே நீக்கிவிடும்.