என் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏன் தெரியவில்லை?

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைத் திரட்டும் தாய்மார் சிலருக்காக ஒரு சிறிய இணையத்தளம் செய்து கொடுத்தேன். நான் கணினித்துறை படித்தவனல்ல, ஊடகக் கற்கை படித்தவன். விண்டோஸ் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. இணையத்தில் ஏற்றிய அன்று மாலையே ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: “மற்றப் பிள்ளையளின்ர படம் எல்லாம் கிடக்கு. என்ர மகன்ர படத்தை மட்டும் ஏன் தம்பி எடுத்தனீங்கள்?”

நான் எதையும் எடுக்கவில்லை. அவருடைய மகனின் படக்கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் முடிந்திருந்தது. தரவுத்தளத்தில் நான் சிறிய எழுத்தில் பதிந்திருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான இணைய வழங்கிகளில் இருப்பது லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

இதுபோன்ற ஆவணப்படுத்தலில் பல இளைஞர்கள் இப்போது ஈடுபடுவதால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

எங்கே பிழைக்கிறது?

சாம்ப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். இணைய இணைப்பு இல்லாமலே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியில் தளத்தைப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸில் சரியாக இருப்பது லினக்ஸிலும் சரியாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

முதலாவது, பெயர்கள். கோப்புகளைப் போலவே, மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயர்களிலும் லினக்ஸ் பெரிய, சிறிய எழுத்தை வேறுபடுத்தும், விண்டோஸ் வேறுபடுத்தாது. கோப்பு, கோப்புறை, அட்டவணை எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்திலேயே பெயரிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, தமிழ் எழுத்து. பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகளில் இயல்பான எழுத்துமுறை லத்தீன்1. அதற்குள் தமிழ்ப் பெயர் போனால் வெறும் கேள்விக்குறிகளாகப் பதியப்படலாம். அப்படிப் பதிந்ததை மீட்க முடியாது. தரவுத்தளம், அட்டவணை, பிஎச்பி இணைப்பு மூன்றிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று அமையுங்கள். மூலப் பட்டியலைத் தனியாகப் பாதுகாத்து வையுங்கள்.

மூன்றாவது, தேடல். ‘யோகன்’ என்பதிலுள்ள ‘யோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் குறிக்குக் குறி ஒப்பிடும் தேடலில் இரண்டும் வேறு. பதியும்போதும் தேடும்போதும் பிஎச்பியின் நோர்மலைசர் மூலம் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எப்படிப் பரீட்சிப்பது?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி உண்டு. அதன் வழியாக உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே உபுண்டு லினக்ஸை இயக்கலாம். வேர்ச்சுவல்பொக்ஸும் இதற்கு உதவும்.

உபுண்டுவில் அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றையும் நிறுவுங்கள். உங்கள் வழங்கியில் உள்ள பதிப்புகளுக்கு இயன்றவரை நெருங்கியவையாக இருக்கட்டும். தளக் கோப்புகளை சீ டிரைவில் வைத்து இயக்காமல் லினக்ஸின் சொந்தக் கோப்புறைக்குள் பிரதி செய்யுங்கள். சீ டிரைவில் விண்டோஸின் பழக்கமே தொடரும், பெயர்ப் பிழை வெளியே வராது. பிறகு பிஎச்பிமைஅட்மினில் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து இங்கே இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படத்தையும் திறந்து பாருங்கள்.

உண்மைப் பெயர்கள் வேண்டாம்

பரீட்சைக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். சாம்ப்பில் தரவுத்தளத்தின் ‘ரூட்’ பயனருக்கு இயல்பாகக் கடவுச்சொல் கிடையாது. அது பரீட்சிப்பதற்கான மென்பொருள், தளத்தை வெளியிடுவதற்கானதல்ல. சாட்சியம் தந்தவரின் விலாசம் வேறு கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கோப்பின் பெயரைத் திருத்த எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஆனால் அதற்கு முந்திய இரவு முழுவதும் அந்த அம்மா தன் மகன் பட்டியலிலிருந்தும் காணாமல் போய்விட்டான் என்றே நினைத்திருந்தார். முன்கூட்டியே லினக்ஸில் ஒருமுறை பார்த்திருந்தால் அந்த இரவு அவருக்கு வந்திருக்காது.