மருத்துவ உளவியலாளர் பயிற்சி: இந்தியா

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்றாண்டு எம்.டி. படித்தவர், மருந்து எழுதித் தருவார். பின்னவர் உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, மனநல மருத்துவமனையில் ஈராண்டு எம்.பில். பயிற்சி பெற்றவர், உளச் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர் வேலை. தமிழ் வழக்கு இருவரையும் 'மனோதத்துவ டாக்டர்' என்றே அழைத்துப் பழகிவிட்டது.

மருத்துவர் படிப்பு பழையது. சென்னையிலும் கல்கத்தாவிலும் 1835இலேயே மருத்துவக் கல்வி தொடங்கிவிட்டது. மருத்துவக் கவுன்சிலுக்கான சட்டம் 1933இல் வந்தது. உளவியலோ நெடுங்காலம் தத்துவத் துறையின் திண்ணையில் ஒண்டிக் கிடந்தது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதற்குத் தனித்துறை அமைத்து, ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவிடம் ஒப்படைத்தது. மைசூரில் 1924இல் துறையைத் தொடங்கியவர், லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் படித்த எம். வி. கோபாலசாமி. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி, மனநல மருத்துவமனையில் முறையான பயிற்சி கிடைக்க மாணவர்கள் இன்னும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மனநலத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் மிகக் குறைவு என்பதை 1946இல், போர் (Bhore) என்பவர் தலைமையில் அரசு அமைத்த சுகாதாரக் குழு சுட்டிக்காட்டியது. அதன் பயனாகப் பெங்களூரு மனநல மருத்துவமனையை ஒட்டி, 1954 டிசம்பரில் அகில இந்திய மனநல நிறுவனம் திறக்கப்பட்டது; இன்றைய நிம்ஹான்ஸ் அதன் வழிவந்ததே. அடுத்த ஆண்டே மருத்துவர்களுக்கு ஒன்று, உளவியல் மாணவர்களுக்கு ஒன்று என இரு பட்டயப் படிப்புகள் அங்கே ஒரே கூரையின்கீழ் தொடங்கின. பின்னது 1978இல் எம்.பில். ஆனது. ராஞ்சியிலும் 1962 முதல் இத்தகைய பயிற்சி நடந்தது.

படிப்பு ஒரே கூரையின்கீழ் நடந்தாலும் சட்டப் பாதுகாப்பு ஒருசேர வரவில்லை. மருத்துவ உளவியலாளரைப் பதிவுசெய்யும் அதிகாரம் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலுக்குப் போனது. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையை ஒழுங்குபடுத்த ஏற்பட்ட அமைப்பு அது. செயற்கைக் கால் பொருத்துநரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்கும் பட்டியலில் இவரும் சேர்க்கப்பட்டார். பொருத்தமான இடம் என்று சொல்வதற்கில்லை. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொள்வோரை இது தொடவே இல்லை. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவரும் முயற்சி 2021ஆம் ஆண்டுத் துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்தில்தான் தொடங்கியது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மேற்பார்வையில் பெற்ற ஈராண்டு முழுநேரப் பயிற்சியை மருத்துவ உளவியலாளருக்குரிய தகுதிகளில் ஒன்றாக வகுத்தது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில். பட்டத்தையே நிறுத்தியபோது இப்படிப்பும் ஆட்டம் கண்டது. பின்னர் இதற்குக் காலநீட்டிப்பு தரப்பட்டது. சிகிச்சைக்குச் செல்பவர்கள், உளவியலாளரிடம் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம்; கேட்பதில் தவறில்லை.