முருகைக்கல், சுண்ணாம்பு, சட்டம்: இலங்கைக் கரையோரப் பாதுகாப்பின் சமூக வரலாறு

இலங்கைத் தீவின் கரையோரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளமானது. அதன் அழிவைப் பற்றி எழுதுவோர் பலரும் அதனை இயற்கைக்கும் அபிவிருத்திக்கும் இடையிலான முரண்பாடாகவே காட்டுவர். இந்நோக்கு முழுமையானதன்று. கரையோரத்தைப் பயன்படுத்தியோர் யாவர், நன்மையடைந்தோர் யாவர், சேதத்தைச் சுமந்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து, கரையோரப் பாதுகாப்பின் வரலாறு வெறும் சட்டங்களின் பட்டியலாகவே எஞ்சும். முருகைக்கல்லின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முருகைக்கல்லின் பயன்பாடு இத்தீவுக்குப் புதியதன்று. நெடுந்தீவிற் காணி எல்லைகளாக இன்றும் நிற்கும் மதில்களும், அங்குள்ள சிதைந்த கோட்டையும் முருகைக்கற்களாலானவை. போர்த்துக்கேயர் தொடக்கி, 1658 இன் பின்னர் ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரிவாக்கிய யாழ்ப்பாணக் கோட்டையிலும் அக்கல்லைக் காணலாம். 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட காலிக் கோட்டையும் இதற்கு விலக்கன்று. ஆக, நாம் பேண விழையும் மரபுரிமையின் ஒரு பகுதி கடல் தந்த கல்லினாலேயே ஆனது. இதனைக் கொண்டு பிற்கால அகழ்வை நியாயப்படுத்துதல் பொருந்தாது. முற்காலத் தேவை வேலி, வீடு, கோட்டை என்னும் எல்லைக்குள் அடங்கியிருந்தது. அதன் அளவையும் வேகத்தையும் மாற்றியது சந்தையே.

1966 இல் உல்லாசப் பிரயாண சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து தென்மேற்குக் கரையில் ஹோட்டல்கள் பெருகின. 1977 இல் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கை கட்டடத் தொழிலை மேலும் விரிவாக்கிற்று. சாந்துக்கும் வெள்ளையடிப்புக்கும் வேண்டிய சுண்ணாம்பைக் கரையோரச் சூளைகள் வழங்கின. அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடைப்பட்ட பகுதியில் 1984 இல் நடத்தப்பட்ட ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைகளைச் சென்றடைந்ததைக் காட்டியது. அதில் ஏறத்தாழ 12 சதவீதம் கடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. 30 சதவீதம் கடற்கரையிற் பொறுக்கப்பட்டது. எஞ்சியது நிலத்தைத் தோண்டிப் பெறப்பட்டது.

முருகைக்கற்பார் அலையின் வலுவைக் கரைக்கு அப்பாலேயே தணிப்பது. மீன்கள் பெருகும் இடமாகவும் விளங்குவது. பார் உடைக்கப்பட்டால் அலை தணியாத வலுவுடன் கரையைத் தாக்கும். மணல் அரித்துச் செல்லப்படும். அதன்பின் வீதியையும் புகையிரதப் பாதையையும் காக்க அரசு பொதுப்பணத்திற் கருங்கல் அணை கட்ட வேண்டியதாகும். சுண்ணாம்பின் இலாபம் சிலருக்குரியதாக, அரிப்பின் செலவு சமூகம் முழுவதற்கும் உரியதாயிற்று.

அரசின் பிரதிபலிப்பும் முதலில் பொறியியற் சார்புடையதாகவே இருந்தது. 1963 இல் கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவின் கீழ்க் கரையோரப் பாதுகாப்புப் பிரிவொன்று தோன்றியது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமே கரையோரத்தை முகாமை செய்யவேண்டிய ஒரு வலயமாகக் கருதியது. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் அதன் எல்லைகளாயின. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வலயத்தினுள் முருகைக்கல்லை அகழ்தல், வைத்திருத்தல், எரித்தல், கொண்டுசெல்லல் ஆகியவற்றைத் தடைசெய்தது.

இச்சட்டம் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லைக்கோடு நோக்கற்பாலது. 1984 ஆய்வின்படி சூளைகளுக்குச் சென்ற கல்லில் ஏறத்தாழ 42 சதவீதம் கரையோர வலயத்துக்கு அப்பாலிருந்தே வந்தது. அன்றாடக் கூலிக்காகக் கல்லுடைத்தவர் சட்டத்தின் பிடிக்குள் வந்தார். சுண்ணாம்பை வாங்கிக் கட்டடம் எழுப்பியவர் அதற்கு வெளியே நின்றார். கேள்வியைத் தீண்டாமல் வழங்கலை மட்டும் தடுக்கும் சட்டம் வறியவரையே குற்றவாளியாக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இவ்வரலாற்றின் விளைவைக் கண்முன் நிறுத்தியது. முருகைக்கல் பெருமளவு அகழப்பட்ட பெரலியவில் நீர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது. அங்கு புகையிரதமொன்றில் மட்டும் 1,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1979 இலேயே கடற் சரணாலயமாக்கப்பட்ட அயலூரான ஹிக்கடுவையில் நீர் ஐம்பது மீற்றர் அளவே உட்சென்றதாக அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கடலடித் தரையமைப்பு முதலிய காரணிகளும் இவ்வேறுபாட்டிற் பங்குகொண்டிருக்கலாம். ஆயினும் பாரின் பங்கைப் புறக்கணிப்பதற்கில்லை.

அனர்த்தத்தின் பின் வந்த கொள்கை இப்படிப்பினையை ஏற்றதா? தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என இடைவலயம் அறிவிக்கப்பட்டது. கடற்றொழிலாளர் தம் வாடியையும் வள்ளத்தையும் விட்டு உட்செல்லுமாறு பணிக்கப்பட, உல்லாசத்துறைக் கட்டடங்களுக்குத் தளர்வு காட்டப்பட்டது. இவ்வலயம் பின்னர் குறுக்கப்பட்டதெனினும், பாதுகாப்பின் பெயரால் அகற்றப்படுவோர் யாவர் என்னும் வினாவை அது எழுப்பிவிட்டது.

அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு இவ்வினாவைத் தொடர்கின்றன. முதலாவது ஒலுவில். 2013 இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் அலைதடுப்பணைகள், கரைவழியே வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டுத் தென்னங்காணிகளும் கரைவலைப் பாடுகளும் கடலுட் சென்றன. அபிவிருத்தி என அளிக்கப்பட்டதே வாழ்வாதாரத்தைப் பறித்தது. இரண்டாவது, 2021 மே மாதம் மேற்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றிப் பின் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலையும் கரையையும் மாசுபடுத்தின; நீர்கொழும்புவரை மீன்பிடி தடைப்பட்டது. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பற்றரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடு இதில் வலியுறுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது. கல்லுடைத்த தொழிலாளியை நோக்கி நீண்ட சட்டத்தின் கை, இங்கு மூலதனத்தை நோக்கியும் நீண்டது.

மரபுரிமைப் பாதுகாப்பும் இதனின்று வேறானதன்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கோட்டையைக் காக்கும். அக்கோட்டையின் அடித்தளத்தை அலையினின்று காக்கும் பார் அதன் பார்வைக்குள் வருவதில்லை. 1990 ஆம் ஆண்டுக் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் அரிப்பு, உயிர்வாழிடம், தொல்லியற் களம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டமை சரியான திசையில் வைத்த அடியாகும். அவ்வொருமைப்பாடு ஏட்டளவில் நின்றுவிடலாகாது. துறைமுகமோ ஹோட்டலோ திட்டமிடப்படும்போதே அதன் பாதிப்பை முன்கூட்டி மதிப்பிடுதலும், மணலின் போக்கையும் நீரோட்டத்தையும் தலைமுறைகளாக அறிந்த கடற்றொழிலாளரின் கருத்துக்கு முடிவெடுப்பில் இடமளித்தலும், சேதத்தின் செலவை இலாபம் பெறுவோர்மீது சுமத்துதலும் இன்றியமையாதன. கரையோரம் பொதுவுடைமை. அதனை அவ்வாறு கருதாத எந்தச் சட்டமும் அரிப்பின் பின்னால் அணை கட்டிக்கொண்டே செல்லும்.