183 நாள் விதி

183 நாள் விதி என்பது, ஒரு நாட்டின் வதிவாளர் மற்றொரு நாட்டில் குறுகிய காலம் பணிபுரிந்து பெறும் ஊதியத்துக்கு எந்த நாடு வரி விதிக்கலாம் எனத் தீர்மானிக்கும் விதி ஆகும். இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் பலவற்றில் இது இடம்பெறுகின்றது. "ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டால் வரி இல்லை" என இவ்விதியைச் சுருக்கிக் கூறுவதுண்டு. இது தவறான புரிதலாகும். ஒப்பந்தப் பணியாளர்கள் பலருக்கு இவ்விதி பொருந்துவதே இல்லை.

நிபந்தனைகள்

பொதுவாக, வேலை நடைபெறும் நாடே ஊதியத்துக்கு வரி விதிக்கலாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் மாதிரி உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு அளிக்கின்றது. விலக்குப் பெற மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும். பணியாளர் அங்கே 183 நாட்களுக்கு மேல் தங்கியிருத்தல் கூடாது; ஊதியம் தருபவர் அந்நாட்டு வதிவாளராக இருத்தல் கூடாது; அவ்வூதியச் செலவை அந்நாட்டிலுள்ள அவரது நிலையான தொழிலகம் ஏற்றிருத்தலும் கூடாது. உள்ளூர் நிறுவனம் ஒன்று ஊதியம் வழங்குமாயின், பத்து நாள் வேலைக்கும் வரி உண்டு.

நாட்களைக் கணக்கிடுதல்

வேலை செய்த நாட்கள் அல்ல, அந்நாட்டில் இருந்த நாட்களே எண்ணப்படுகின்றன. வந்த நாள், புறப்பட்ட நாள், விடுமுறை நாள் யாவும் இதில் அடங்கும். 1963ஆம் ஆண்டு மாதிரியில் இக்கணக்கு வரியாண்டுக்குள் அடங்கியிருந்தது. இதனால் ஆண்டின் நடுவில் வந்து மறு ஆண்டின் நடுவில் திரும்பியவர், ஏறத்தாழ ஓராண்டு பணிபுரிந்தும் விலக்குப் பெற முடிந்தது. 1992இல் "எந்தவொரு பன்னிரண்டு மாத காலமும்" என மாற்றி இவ்வழி அடைக்கப்பட்டது. எனினும் பழைய உடன்படிக்கைகள் சில வரியாண்டு முறையையே கொண்டுள்ளன.

சுயாதீன ஒப்பந்தக்காரர்

15ஆம் பிரிவு ஊழியருக்கு மட்டும் உரியது. தம் பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டு சேவை வழங்குவோருக்கு 14ஆம் பிரிவு தனியே இருந்தது. 2000ஆம் ஆண்டில் அது மாதிரியிலிருந்து நீக்கப்பட்டு, அவர்களது வருமானம் வணிக இலாபத்துடன் சேர்க்கப்பட்டது. இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கைகள் பலவற்றில் அத்தகைய பிரிவு இன்றும் உள்ளது. 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க உடன்படிக்கையின்படி, ஒப்பந்தக்காரர் வரியாண்டில் 90 நாட்கள் தங்கினாலோ அங்கே நிலையான பணியிடம் ஒன்றைக் கொண்டிருந்தாலோ, அங்கு செய்த வேலையின் வருமானத்துக்கு அங்கு வரி விதிக்கலாம். ஆகவே நூறு நாள் தங்கும் இரு பொறியாளர்களுள், இந்திய நிறுவன ஊழியர் விலக்குப் பெறக்கூடும், ஒப்பந்தக்காரர் பெறமாட்டார்.

பொருளாதார முதலாளி

ஊதியப் பட்டியலில் உள்ள நிறுவனத்தை விடுத்து, வேலையை உண்மையில் மேற்பார்வை செய்து பயன்பெறும் நிறுவனத்தையே முதலாளியாகக் கருதும் நாடுகளும் உண்டு. சுவீடன் 2021 சனவரி 1 முதல் இம்முறையைப் பின்பற்றுகின்றது. அங்கு தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்படாமலும், ஆண்டுக்கு மொத்தம் 45 நாட்களுக்கு மேற்படாமலும் செய்யும் வேலைக்கு மட்டும் இம்முறை பொருந்தாது.

ஒருவர் தாய்நாட்டில் வரி வதிவாளரா என்பதை இவ்விதி தீர்மானிப்பதில்லை. அது அந்நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் இதற்குப் புறம்பானது.