மூச்சும் மீட்டலும்: ஷாகுஹாச்சியும் கிட்டாரும்

கிட்டாரின் ஆறு கம்பிகளையும் இடக்கை படாமல் மீட்டிப் பாருங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ. இப்போது 1.8 ஷாகு (ஜப்பானிய அடி) நீளமுள்ள, ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலின் ஐந்து துளைகளையும் மூடி ஊதுங்கள்: டி. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எஃப், ஜி, ஏ, சி, கடைசியில் மேல் டி. இரண்டையும் ஏறுவரிசையில் அடுக்கினால் சுர இடைவெளிகள் அப்படியே பொருந்துகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு முழுச்சுரமே வித்தியாசம். கிட்டார்க் கம்பிகளை ஒரு முழுச்சுரம் தளர்த்தினாலோ, 1.6 ஷாகுக் குழலை எடுத்துக்கொண்டாலோ அதுவும் மறைந்துவிடும். நம் கணக்கில் இவை சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள். யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. கிட்டாரின் சுருதி விரல்களின் வசதிக்காக அமைந்தது. குழலின் துளைகள் ஐந்து சுர மரபிலிருந்து வந்தவை.

ஆனால் இந்த ஐந்தோடு இரண்டுமே நிறைவடைவதில்லை. பழைய ஜப்பானிய இசைக்கு அரைச்சுரங்கள் வேண்டும். கிட்டாருக்கு அவற்றை ஃப்ரெட்டுகள் தருகின்றன. குழலுக்கோ பாதி மூடிய துளையும் தாழ்த்திய முகவாயும்தான் தருகின்றன. கிட்டார்க் கலைஞர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை மேலே ஏற்றுகிறார். குழல் கலைஞர் தலையைக் குனிந்து சுரத்தைக் கீழே இறக்குகிறார். ‘மெரி’ என்பது அதன் பெயர். கிட்டாரில் அப்படி ஏற்றிய சுரம் பெரும்பாலும் கூர்மை பெறுகிறது. குழலில் இறக்கிய சுரம் மங்கி, உள்ளொடுங்குகிறது. ஒரே வளைவை எதிரெதிர்த் திசைகளில் தேடும் இந்த இரு கைவித்தைகளும் சேர்ந்து ஒலிக்கும் இடமே எனக்கு இந்தக் கலவையின் மிக அழகான இடம்.

சரித்திரத்திலும் இப்படி ஓர் எதிரொலி உண்டு. ஷாகுஹாச்சி, முகத்தை மறைக்கும் கூடை அணிந்த, ஃபூகே என்ற பௌத்தப் பிரிவுத் துறவிகளின் தியானக் கருவி. 1871இல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவைக் கலைத்த பிறகே அது பொதுமேடைகளில் வேரூன்றியது. கிட்டார் மதுக்கடைகளிலும் வீதிகளிலும் வாழ்ந்தது. அதற்குக் கச்சேரி மேடையில் மரியாதை தேடித் தந்தவர்களில் ஸ்பானியக் கிட்டார்க் கலைஞர் ஸெகோவியா முதன்மையானவர். ஒன்று மடத்திலிருந்து வந்தது, மற்றொன்று கேளிக்கையிலிருந்து. தவிர, கோத்தோ, ஷாமிசென் ஆகிய மீட்டுக் கருவிகளோடு குழல் பல தலைமுறைகளாகக் கூடி வாசித்திருக்கிறது. ஆகவே மீட்டிய கம்பியின் துணை அதற்குப் புதிதல்ல.

உண்மையான பிணக்கு காலத்தில்தான். கிட்டாரின் ஒலி, விரல் பட்ட கணத்தில் உச்சம், பிறகு தேய்வுதான். குழலின் ஒலி மௌனத்திலிருந்து மெல்ல எழுந்து, விரிந்து, மீண்டும் மௌனத்தில் கரையக்கூடியது. துறவிகளின் ஹோன்க்யோகு இசையில் சீரான தாளம் இல்லை. ஒரு மூச்சின் நீளமே ஒரு வாக்கியத்தின் நீளம். கிட்டாரோ எண்ணிக்கையில் நடக்கப் பழகியது. இங்கே மூன்றாவதாக ஒரு தாளவாத்தியம் நுழையும்போது அது யார் பக்கம் சேரும் என்பதே கேள்வி.

இந்தக் காலப் பிணக்குக்கு இரண்டு விடைகள் பதிவாகியுள்ளன. 1967இல் ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு தம் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ படைப்பில் ஷாகுஹாச்சியையும் பீவா என்ற ஜப்பானியக் கம்பிக் கருவியையும் மேலை வாத்தியக் குழுவிலிருந்து பிரித்தே நிறுத்தினார். நெடுநேரம் குழு வாய்மூடிக் காத்திருக்கும். 1978இல் வெளிவந்த ‘ஈஸ்ட் க்ரீட்ஸ் ஈஸ்ட்’ பதிவிலோ ஹோசான் யமாமோட்டோவின் குழல் ரவிசங்கரின் சிதாருடனும் அல்லா ரக்காவின் தபலாவுடனும் ஒரே ஓட்டத்தில் கலந்தது. முன்னதில் குழல் தன் காலத்தைக் காத்துக்கொள்கிறது. பின்னதில் தாளத்தை ஏற்று அதற்குள் ஓடுகிறது. இரண்டும் நேர்மையான வழிகள்.

கிட்டாரோடு சேர்க்கும் இன்றைய குழுக்களுக்கு இடைவழி ஒன்று இருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களுடைய உடு என்ற மண்பானையில், பக்கவாட்டுத் துளையை உள்ளங்கையால் அடித்துத் திறக்கும்போது உள்ளிருக்கும் காற்றே அதிர்கிறது. குழலிலும் அதிர்வது காற்றுதான். பெருவின் கஹோன் பெட்டியோ மரப்பலகையின் அதிர்வு. 1970களில் கிட்டார்க் கலைஞர் பாகோ தெ லூசியா அதை ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்த நாள் முதல் கிட்டாருக்கு நெருங்கிய துணை. குழல் முன்னே நிற்கும் பகுதியில் உடுவும், கிட்டார் முன்னே வரும்போது கஹோனும் வாசிக்கப்பட்டால் இருவருக்கும் நியாயம் கிடைக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் தாளம் மட்டும் வேண்டாம். அதில் முதலில் காணாமல் போவது ஷாகுஹாச்சியின் மூச்சு.